மூன்று வரிக் குறிப்பு

உங்களுக்கு ஒரு விடுகதை போடட்டுமா? பஸ் இப்போதைக்கு நகராது. டிரைவரே எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். முன்னால் யானை குட்டியோடு ரோட்டில் நிற்கிறதாம். அது காட்டுக்குள் இறங்குகிறவரை நாமும் நிற்கவேண்டியதுதான். எனக்கு ஓரிடத்தில் சும்மா உட்கார வராது. அதனால்தான் கேட்கிறேன்.

வாய்க்குள் போகும், வயிற்றுக்குள் போகாது. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை போனாலும் ஒரு தடவைகூட உள்ளே தங்காது. அது என்ன?

வெற்றிலையா? முந்நூறு வெற்றிலை போட்டால் ஆள் என்ன ஆவது! பற்பசையும் இல்லை. சரி, நானே சொல்லிவிடுகிறேன். தேநீர். நான் குடிக்கிற தேநீர். குன்னூரில் ஏலத்துக்கு வருகிற தேயிலையை ருசி பார்த்துத் தரம் சொல்வது என் வேலை. கரண்டியில் எடுத்து, சத்தமாக உறிஞ்சி, நாக்கு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவேன். பதினேழு வருடமாக இதுதான். முந்நூறு கோப்பையையும் குடித்துத் தொலைத்தால் சாயங்காலம் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்.

இதே விடுகதையைப் பிரகதிக்கும் போட்டேன். பிரகதிக்குப் பதினொரு வயது. அவள் கொஞ்சம்கூட யோசிக்காமல், "ஸ்பூன்" என்றாள்.

"தப்பு" என்றேன்.

அவள் அப்பா சிரித்தார். "ஏங்க, ஸ்பூனும் சரியாத்தானே வருது? வாய்க்குள்ள போகுது, வயித்துக்குள்ள போகல."

"விடுகதைக்கு ஒரு பதில்தான் உண்டு" என்று சொன்னேன். உண்மைதானே? கேட்கிறவர் மனதில் எது இருக்கிறதோ அதுதான் பதில். அந்தப் பெண் சரியென்று தலையாட்டிவிட்டுக் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிடிவாதம் பிடிக்கிற பெண் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.

நான் நாசிக்கிலிருந்து வருகிறேன். இரண்டு ரயில் மாறி, கோயம்புத்தூரில் இறங்கி, இந்த பஸ். பிரகதியின் அப்பா பெயர் தணிகைவேல். திருத்தணிக்காரர். நாசிக்கில் மின்கருவிகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடமாக இன்ஜினியர். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. எனக்கு நாற்பத்தொன்று. இதுவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் தடுக்கவில்லை, நேரம் வரவில்லை, அவ்வளவுதான். போன வருடம் என் கூட வேலை பார்க்கிறவரின் அக்கா மூலமாக அறிமுகம் ஆனோம். அவர் நான்கு தடவை குன்னூருக்கு வந்து போனார். எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது. நான் குன்னூரை விட்டு வரமுடியாது, ஏலம் அங்கேதானே நடக்கிறது. அவருக்கோ கோயம்புத்தூர் பக்கம் மாற்றல் கிடைக்கும். எல்லாம் கூடி வந்தது.

ஆனால் ஒன்று சொல்லிவிட்டார். "பிரகதி சரின்னா சரி, ரேணுகா. அவ வேண்டான்னா வேண்டாம். நான் அவளை வற்புறுத்த மாட்டேன்."

பதினொரு வயதுப் பெண்ணிடம் போய் இந்த முடிவை விடுவதா? நான் சொல்லிப் பார்த்தேன். அந்த விஷயத்தில் அவர் அசையவில்லை. சரி, நான் நாலு நாள் லீவு போட்டு வருகிறேன், ஒரு நாள் மூன்று பேருமாக எங்காவது போவோம், அன்று சாயங்காலம் அவளைக் கேட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டோம். பிரகதியிடமும் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. ஆக, அன்றைக்குக் காரில் ஏறும்போதே மூன்று பேருக்கும் தெரியும், அது என்ன நாள் என்று.

முடிவு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? எனக்குச் சாதகமாகத்தான் ஆனது. அதுதான் புரியவில்லை. சாதகமாக ஆன பிறகும் இரண்டு நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ரயிலில் எத்தனை தடவை எழுந்து கதவுவரை போய்வந்தேன் தெரியுமா? எதிர் சீட்டுப் பெரியவர், "ஏதாவது தொலைச்சிட்டீங்களாம்மா?" என்றே கேட்டுவிட்டார். நாசிக்கில் ரயிலேற்றிவிடப் பிரகதியின் அப்பா வந்தார். ஜன்னலோரமாக நின்றார். வண்டி கிளம்புகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, அவர் எப்போதும் குறைவாகப் பேசுகிறவர்தான்.

ஒரு நிமிடம், கண்டக்டர் ஏதோ சொல்கிறார்... இல்லையாம். இன்னும் அங்கேயேதான் நிற்கிறதாம்.

நாசிக்கைச் சுற்றி எங்கே பார்த்தாலும் திராட்சைத் தோட்டம். தோட்டத்திலேயே ஒயின் செய்கிறார்கள். பிப்ரவரியில் அறுவடை. வெளியூர்க்காரர்கள் வருவார்கள், தோட்டம் தோட்டமாகப் போய் ருசி பார்ப்பார்கள், சாப்பிடுவார்கள். "நீங்க ருசி பார்க்கிறவங்க, உங்களுக்கு இதான் பிடிக்கும்" என்று அவர் மூன்று தோட்டங்களுக்கு ஏற்பாடு செய்திருந்தார். முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் ஒரு சொட்டுக்கூட விழுங்கவில்லை. எல்லாவற்றையும் துப்பிவிட்டேன். பிரகதிக்குத் திராட்சைச் சாறு தனியாகக் கொடுத்தார்கள்.

காலையில் பிரகதி தனக்குப் பிடித்த மிசல் கடைக்கு எங்களை அழைத்துப் போனாள். முளைகட்டிய பயறில் காரமாக ஒரு குழம்பு வைத்து, மேலே மிக்சர் தூவி, பன்னோடு தருவார்கள். அந்த ஊரில் அது பெரிய விஷயம். கடைக்காரரிடம் மராத்தியில் என்னவோ நீளமாகச் சொன்னாள். என் தட்டு வந்தபோது குழம்பு தனிக் கிண்ணத்தில், சிவப்பு எண்ணெய் வடித்து வந்தது.

"ஆன்ட்டி, உங்களுக்குக் காரம் ஆகாதுன்னு அப்பா சொன்னாங்க. அதான் கம்மியாப் போடச் சொன்னேன்."

நல்ல காரியம்தான். ஆனால் கம்மியோ அதிகமோ, காரம் காரம்தானே? ருசி பார்க்கிற நாளில் நான் மிளகாய், வெங்காயம், பூண்டு எதையும் நாக்கில் வைப்பதில்லை. நாக்கு மரத்துவிடும். நான் பன்னை மட்டும் தண்ணீரில் தொட்டுச் சாப்பிட்டேன். ஏன் என்று காரணமும் விளக்கிச் சொன்னேன். குழந்தைகளுக்குக் காரணம் சொல்லிவிட்டால் புரிந்துகொள்வார்கள். அவள் புரிந்துகொண்டாள். அவருடைய கிண்ணத்தோடு என் கிண்ணத்தையும் அவரே சாப்பிட்டார்.

முதல் தோட்டத்தில் என்ன நடந்தது என்றால், அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நீளமான மேசை. கறுப்பு ஏப்ரன் கட்டிய ஓம்கார் என்கிற பையன் ஆளுக்கொரு கண்ணாடிக் கோப்பை கொடுத்து, கொஞ்சமாக வெள்ளை ஒயின் ஊற்றினான். எங்களைத் தவிர இன்னும் எட்டுப் பேர். கோப்பையைச் சுழற்றுங்கள், மோந்து பாருங்கள், கொஞ்சமாகப் பருகுங்கள் என்று இந்தியில் சொன்னான். எல்லோரும் உதட்டு நுனியில் அலங்காரமாகப் பருகுகிறார்கள். எனக்கோ பழக்கம். வாயில் வைத்ததும் "ஸ்ஸ்ர்ர்ர்ரப்" என்று ஒரு உறிஞ்சல். எங்கள் வேலை மேசையில் அது சாதாரணம். சத்தம் வராவிட்டால் ருசி மூக்குக்கு ஏறாது. அங்கே எட்டுத் தலையும் ஒன்றாகத் திரும்பியது. நான் அதைப் பொருட்படுத்தாமல் மூன்றடி தள்ளியிருந்த வாளியில் சரியாகத் துப்பினேன். ஒரு துளி வெளியே விழவில்லை.

முதலில் பிரகதிதான் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சுவிட முடியாமல் சிரித்தாள்.

"அப்பா! ஆன்ட்டி துப்பினதைப் பாத்தியா! டைரக்ட்டா உள்ள!"

"பதினேழு வருஷ சர்வீஸ்டா" என்றார் அவர்.

"நானும், நானும்!" என்று தன் திராட்சைச் சாற்றை எடுத்து "ஸ்ர்ர்ப்" என்று உறிஞ்சினாள். பாதி மூக்கில் ஏறிவிட்டது. இருமிக்கொண்டே துப்பினாள். வாளியின் விளிம்பில் பட்டு ஓம்காரின் ஷூவில் விழுந்தது. அவனும் சிரித்தான். என்னிடம் இந்தியில், "மேடம், நீங்கள் வேறு கம்பெனியிலிருந்து உளவு பார்க்க வந்தீர்களா?" என்று கேட்டான்.

எனக்கும் சந்தோஷம்தான். அதனால்தான் அவளுக்கு ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். தலையை இவ்வளவு சாய்க்கக்கூடாது. உதட்டை இப்படிக் குவிக்கவேண்டும். உறிஞ்சும்போது கண்ணை மூடினால் நல்லது. இரண்டாவது தடவை நன்றாகவே செய்தாள். அங்கே மூன்று வகைத் திராட்சையின் சாறு இருந்தது. மூன்று கோப்பையில் ஊற்றி, இடம் மாற்றி வைத்து, எது எது என்று கேட்டேன். மூன்றையும் சரியாகச் சொன்னாள்! நம்புவீர்களா? எங்களிடம் பயிற்சிக்கு வருகிற பட்டதாரிகள் ஆறு மாதம் திணறுகிறார்கள். இந்தப் பெண் முதல் நாளே, அதுவும் மூக்கு அடைத்துக்கொண்டு.

"இவளுக்கு நாக்கு இருக்கிறது" என்று அவரிடம் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து பாருங்க" என்றார் அவர். பிரகதி அவர் கையைக் கிள்ளினாள்.

அப்போதே குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிவிட்டேன். எப்போதும் என் பையில் ஒன்று இருக்கும். எதை ருசி பார்த்தாலும் மூன்று வரி எழுதுவேன். நாலாவது வரி எழுதினால் நமக்கே தெளிவில்லை என்று அர்த்தம். வேலைக்காகத் தொடங்கிய பழக்கம், இப்போது எல்லாவற்றுக்கும் எழுதுகிறேன். புதுச் செருப்புக்கு எழுதியிருக்கிறேன். குடியிருக்கிற வீட்டு ஓனருக்கு எழுதியிருக்கிறேன்.

அங்கிருந்து இரண்டாவது தோட்டம். மதியச் சாப்பாடு அங்கே. ஒவ்வொரு ஒயினோடும் ஒவ்வொரு தின்பண்டம் வைத்தார்கள். பாலாடைக்கட்டி ஒன்றோடு, சுட்ட பனீர் ஒன்றோடு, கறுப்பு சாக்லேட் ஒன்றோடு. எதோடு எது சேரும், சேராது என்பதுதான் அதில் விஷயம். நான் பிரகதிக்கு அதையும் சொல்லிக்கொடுத்தேன். சாறு ஒரு வாய், பாலாடைக்கட்டி ஒரு வாய், மறுபடி சாறு. "இப்போ என்ன மாறிச்சு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னு சொல்லக்கூடாது. என்ன மாறிச்சுன்னு சொல்லணும்."

"இனிப்பு... கூடிடுச்சு."

"கூடிச்சா, இல்ல புளிப்பு குறைஞ்சுதா?"

அவள் யோசித்தாள். மறுபடி ஒரு வாய் குடித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஆன்ட்டி, கொஞ்ச நேரம் சும்மா குடிக்கலாமா?" என்று கேட்டாள்.

சும்மா குடிப்பதற்கு எதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டும்? வீட்டிலேயே குடிக்கலாமே. அதை நான் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "போய் வெளிய விளையாடுடா, கேட்டைத் தாண்டாதே" என்று அவளை அனுப்பினார்.

அவள் கேட்டைத் தாண்டிவிட்டாள். பத்து நிமிடம் ஆளைக் காணவில்லை. அவர் எழுந்து ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. திரும்பி வரும்போது அவள் முன்னால் வந்தாள், இவர் பின்னால். அவள் கையில் வாழையிலைப் பொட்டலம். வெளியே ரோட்டோரம் ஒரு அம்மா பூ விற்றிருக்கிறாள். நேராக என்னிடம் வந்து நீட்டினாள்.

"ஆன்ட்டி, இது உங்களுக்கு. குனிங்க, நானே வெச்சு விடறேன். எனக்கு ஹேர்பின் குத்தத் தெரியும்."

மல்லிகைச் சரம். நெருக்கமாகக் கட்டியது. மூன்றடி தூரத்திலேயே வாசனை மூக்கில் ஏறிவிட்டது. இன்னும் ஒரு தோட்டம் பாக்கி. எங்கள் வேலையில் பூ கிடையாது, பவுடர் கிடையாது, வாசனைச் சோப்புகூடக் கிடையாது. பதினேழு வருடமாக வேலை நாளில் நான் தலையில் பூ வைத்ததில்லை. அதனால், "இப்ப வேண்டாம்மா, வாசனை கெடுத்துடும். அந்தத் திட்டுமேல வை, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். ஏன் என்றும் சொன்னேன். மல்லிகை மூக்கில் இருந்தால் மற்ற எந்த வாசனையும் அரைமணி நேரத்துக்குத் தெரியாது என்று விளக்கமாகவே சொன்னேன்.

அவள் போய்த் திட்டுமேல் வைத்தாள். வெயில் படாமல், ஓரமாக, தூணுக்குப் பின்னால் வைத்தாள். அவ்வளவு கவனமான பெண்.

காரில் ஏறி மூன்றாவது தோட்டத்துக்குப் பாதி தூரம் போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. "அடடா, பூவை விட்டுட்டோமே!"

"பரவால்ல ஆன்ட்டி" என்றாள் பின் சீட்டிலிருந்து.

அவர் டிரைவரிடம் திருப்பச் சொல்லட்டுமா என்று கேட்டார். மூன்றரைக்கு அங்கே நேரம் குறித்திருக்கிறது, தாமதமானால் நமக்கு ஊற்றமாட்டார்கள் என்று நான்தான் வேண்டாம் என்றேன். அவர் ரொம்ப நேரம் கழித்து, "அவ யாருக்கும் பூ வாங்கினதில்ல" என்றார், என்னிடமா டிரைவரிடமா என்று தெரியாதபடி. "ராத்திரி கொடுத்திருந்தா சந்தோஷமா வெச்சிருப்பேனே" என்றேன். நான் தப்பாகச் சொல்லவில்லையே? பூ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. நேரம் சரியில்லை என்றுதான் சொன்னேன்.

நீங்கள் ஏன் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறீர்கள்? யானை இந்தப் பக்கமெல்லாம் வராது. பின்னாலும் ஏழெட்டு வண்டி நிற்கிறது.

மூன்றாவது தோட்டம் ஒரு சரிவில் இருந்தது. கீழே அணைத் தண்ணீர் தெரிந்தது. நல்ல இடம். ஊருக்கு எடுத்துப்போகத் திராட்சை வாங்கவேண்டும் என்று அவர் கடைப் பக்கம் போய்விட்டார். என் முன்னால் ஐந்து கோப்பை. எல்லாம் சிவப்பு. சிவப்பு ஒயின் கஷ்டம். நம் டீயைப் போலவே துவர்ப்பு நாக்கில் தங்கிவிடும், அடுத்ததை மறைத்துவிடும். கவனமாகப் பார்க்கவேண்டும். பிரகதி எதிரே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, வரையறதுக்குப் பேப்பர் இருக்கா?"

என் குறிப்புப் புத்தகத்தையே கொடுத்தேன், பென்சிலோடு. நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அவளுக்குக் கொடுத்தேன். "கடைசியில வெள்ளைப் பக்கம் இருக்கு, அதுல வரை" என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு கோப்பையில்தான் என் கண். ஐந்தையும் முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

நிமிர்ந்து பார்த்தால் அவள் வரையவில்லை, படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் அவளுக்குத் தமிழ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் உட்காரவைத்து எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதனால் விரலை வைத்து, உதட்டை அசைத்து, கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள்.

"பிர-க-தி" என்று தன் பெயரைப் படித்தாள். "நாக்கு கூர்-மை." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கூர்மைன்னா ஷார்ப்தானே?"

"ஆமா. ரொம்ப நல்ல விஷயம் அது."

விரல் அடுத்த வரிக்குப் போயிற்று. "பேச்சு போ-தா-து." அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. மூன்றாவது வரி. "இன்-னும் பழுக்-க-வில்லை. ப-ழக்-கினால் சரி-யா-கும்."

அணைப் பக்கமிருந்து காற்று வந்தது. பக்கம் படபடத்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

"சரியாகும்னா, இப்ப சரியா இல்லையா ஆன்ட்டி?"

நான் உடனே விளக்கினேன். அது எங்கள் வேலையில் பேசுகிற மொழி. நல்ல சரக்குக்குத்தான் அப்படி எழுதுவோம். மோசமான சரக்காக இருந்தால் ஒன்றுமே எழுதாமல் ஒரு கோடு போட்டுவிடுவோம். 'பழக்கினால் சரியாகும்' என்பது பெரிய பாராட்டு. என் மேலதிகாரி என்னைப் பற்றி அப்படிச் சொல்ல மூன்று வருடம் ஆயிற்று என்றுகூடச் சொன்னேன். எல்லாம் உண்மை.

"ஓ" என்றாள். பிறகு, "அப்பாவுக்கும் எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கேன். முன்னாடி எங்கயோ இருக்கு."

அவளே தேடிக் கண்டுபிடித்தாள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, ஆனால் பிடுங்க முடியுமா? அவர் மூன்றாவது தடவை குன்னூர் வந்துபோன அன்று எழுதியது. என்னவென்று உங்களுக்கும் சொல்கிறேன், நீங்கள் யாரோ, நான் யாரோ. 'அவசரமில்லாதவர். முதல் வாயில் ஒன்றும் தெரியாது. போகப் போகத் தெரியும், போன பிறகும் நாக்கில் நிற்கும்.' இவ்வளவுதான்.

அதைக் கூட்டிக் கூட்டிப் படித்து முடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. படித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள், இந்தத் தடவை சத்தமில்லாமல்.

"அப்பாவைப் பழக்க வேண்டாமா ஆன்ட்டி?"

"அப்பா பெரியவர்தானே. அவரைப் போய் என்ன பழக்கறது?"

"நல்லா எழுதியிருக்கீங்க" என்றாள். புத்தகத்தை மூடி, பென்சிலை அதன்மேல் நேராக வைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். "வரையலையா?" என்று கேட்டேன். "தோணல ஆன்ட்டி" என்றாள்.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அவளும் சொன்ன மாதிரி தெரியவில்லை. முதல் முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன், ஏன் சொல்கிறேன் என்றுகூடத் தெரியவில்லை. நான் எழுதியதில் ஒரு பொய் கிடையாது. மூன்று வரியில் பதினொரு வயதுப் பெண்ணைப் பற்றி வேறு என்ன எழுதுவது? நீங்களாக இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? வேண்டாம், சொல்லவேண்டாம்.

ஐந்து மணிக்கு அவர் இரண்டு அட்டைப் பெட்டித் திராட்சையோடு வந்தார். வெயில் இறங்கி, கொடி வரிசைகளுக்கு நடுவே நிழல் விழுந்திருந்தது. படிக்கட்டில் பிரகதி உட்கார்ந்திருந்தாள். பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரத் தோன்றவில்லை. கையைப் பின்னால் கட்டினேன், முன்னால் கட்டினேன், கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினேன். ஏல நாளில் நான் தரம் சொன்ன சரக்குக்கு விலை சொல்லும்போதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

"காலைலேர்ந்து நான் கேட்கல, பாத்தியா?" என்றார் அவர். "இப்ப கேட்கறேன். நீ என்ன சொன்னாலும் அப்பாவுக்குக் கோபம் வராது. ஆன்ட்டிக்கும் வராது. நாம குன்னூர் போலாமா, இல்ல இங்கயே இருந்துடலாமா?"

பிரகதி அவர் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துப் போட்டாள். "நீ போகணும்ப்பா" என்றாள்.

"நான் என்னைக் கேட்கலடா. உன்னைக் கேட்டேன்."

அவள் அவருக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, உங்க ஊர்ல ஹாஸ்டலோட இருக்கிற ஸ்கூல் இருக்கா?"

அன்று முழுக்க அவள் என்னிடம் தானாகக் கேட்ட பெரிய கேள்வி அது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ஊரைப் பற்றிக் கேட்கிறாள் என்றால் வர மனம் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்! நான் விவரமாகச் சொன்னேன். ஒன்றுக்கு நாலு இருக்கிறது, மலையில் அதற்குத்தானே பள்ளிக்கூடங்கள். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத்தில் ஒன்று, பெண்களுக்கு மட்டும். ஒரு அறைக்கு எட்டுக் கட்டில். வெந்நீர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை வீட்டார் கூட்டிப்போகலாம். சாப்பாடு பரவாயில்லை, டீதான் மோசம், அவர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

"ரேணுகா" என்றார் அவர்.

நான் கம்பளிப் போர்வையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே ஆளுக்கு இரண்டு தருவார்கள்.

"ரேணுகா, போதும்."

நிறுத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் படிக்கட்டிலிருந்து எழுந்து, பாவாடையின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, முடிவைச் சொன்னாள். அப்பா ஜூன் மாதம் மாற்றல் வாங்கிக்கொள்ளலாம், எங்கள் கல்யாணத்துக்கு அவளுக்குச் சம்மதம், அவள் மட்டும் ஹாஸ்டலில் இருந்து படிப்பாள்.